என் கையெழுத்துக்காக நின்ற மோட்டார்கள்

ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாளும் நோட்டும் பேனாவுமாகக் கிளம்ப வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குள் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் செக்‌ஷனுக்கு நான் போர்மேன். கோயமுத்தூர் போர்மேன்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நிர்வாகப் பயிற்சி வகுப்பாம். ஆட்களை எப்படி நடத்துவது என்று சொல்லித்தருவார்களாம். எட்டு வருஷமாகப் பதினெட்டுப் பேரை நடத்திக்கொண்டிருக்கிறவனுக்கு!

உண்மையில் அப்போது எனக்கு வேண்டியிருந்தது தூக்கம்தான். காலையில் செம்புக் கம்பி ஸ்டோரைத் திறப்பது நான், ஒவ்வொருவருக்கும் கம்பி எடை போட்டுக் கொடுப்பது நான், சுற்றி முடித்த மோட்டாரை டெஸ்ட் செய்து சீட்டில் கையெழுத்துப் போடுவதும் நான். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு மோட்டாரும் செக்‌ஷன் வாசலைத் தாண்டாது. வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்றத் தெம்பிருக்காது. ஆனாலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, எங்கள் அன்றாட வேலைகளை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள். நானே செய்தாக வேண்டியவை ஒரு பக்கம். மற்றவர்களிடம் விடக்கூடியவை இன்னொரு பக்கம். எனக்கு முதல் பக்கம் நிரம்பி வழிந்தது. மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை.

“நீங்க வராத அன்னைக்கு செக்‌ஷன் என்ன ஆகும்?” என்று வகுப்பெடுத்தவர் கேட்டார்.

“நின்னு போயிருமுங்க” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பக்கத்தில் இருந்த மில் மேஸ்திரி, “அப்ப உங்களுக்குச் சாகறதுக்குக்கூட லீவு கெடைக்காதுங்க” என்றார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். அப்போதுதான் ஒருவருடைய நினைவு வந்தது. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த காங்கேயத்துக்காரர். செக்‌ஷனில் எனக்கு அடுத்தவர். புது யூனிட் ஒன்று தொடங்க ரொம்ப நாளாகவே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது, அதற்கு அவரை போர்மேனாகப் போடலாமா என்று போன வருஷம் மேனேஜர் கேட்டிருந்தார். ‘நல்ல வேலைக்காரர். ஆனால் தனியாகச் சமாளிப்பார் என்று சொல்வதற்கில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பொறாமையில் எழுதவில்லை, உண்மை என்று நம்பித்தான் எழுதினேன். ஆனால் எட்டு வருஷத்தில் அவரை ஒரு நாளாவது தனியாக விட்டிருக்கிறேனா?

அந்த வாரமே மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். ஸ்டோர் சாவியைக் காங்கேயத்துக்காரரிடம் நீட்டி, டெஸ்ட் சீட்டிலும் நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னதும் அவர் பயந்துவிட்டார்.

“ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?”

உடுமலைப்பேட்டையில் மைத்துனர் வீட்டில் ஒரு நாள் தாங்கினேன். மறுநாள் மத்தியானமே பஸ் ஏறி, பாதி வேலை நேரத்தில் செக்‌ஷன் வாசலில் வந்து நின்றேன். வேலை நடந்துகொண்டிருந்தது. சீட்டுகளில் அவருடைய கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது. டெஸ்டில் தேறாமல் ஒரு மோட்டாரும் திரும்பவில்லை. ஒருவரும் என்னைத் தேடவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலும் அடங்கிய பிறகு, எட்டு வருஷத்து அசதியும் ஒன்றாய் வந்து இறங்கியதுபோல அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய், “புது யூனிட்டுக்கு அவரே போதுமுங்க, நல்லாச் சமாளிப்பாருங்க” என்றேன்.

“போன வருஷம் முடியாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே. ஒரு வருஷத்துல அப்படி என்னத்தக் கத்துக்கிட்டாரு?”

“அவரு புதுசா ஒண்ணும் கத்துக்கலீங்க. கத்துக்கிட்டது நாந்தானுங்க.”

மேனேஜர் சிரிக்கவில்லை. மெட்ராஸிலிருந்து ஒருவரை எடுத்தாகிவிட்டது என்றார். போன வாரமே ஆர்டர் போய்விட்டதாம்.

அன்று முழுக்கக் காங்கேயத்துக்காரர் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, குழாயடியில் மண்ணெண்ணெய்த் துணியால் கையிலிருந்த வார்னிஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“புது யூனிட்டுக்கு வேற ஆளப் போட்டுப்போட்டாங்க. போன வருஷம் உங்களப் பத்தி நாந்தானுங்க தப்பா எழுதிக் குடுத்துப்போட்டேன்.”

“தெரியுமுங்க” என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை. “அப்பவே ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க.”

ஒரு வருஷம் தெரிந்தே என் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறார்.

“ஏனுங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலே?”

“கேக்கலாம்னு ரெண்டு மூணு வாட்டி உங்க மேசைக்கு வந்து நின்னனுங்க” என்றார். “நீங்க தலைய நிமுத்தவே இல்லீங்க.”