பிள்ளையார் காலடியில் கழன்ற முப்பத்தெட்டுப் பக்கங்கள்

நான் செய்த உலகப் பயணங்களிலேயே மிக நீளமானது, 1994 ஐப்பசியில் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனது. மனைவியின் தங்கை கௌரி ஆறு ஆண்டுகள் எழுதிய கணித ஆய்வேட்டை அன்று பின்னேரம் நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்கவேண்டும். அது தேறினால்தான் விரிவுரையாளர் வேலை. எங்கள் வீட்டில் கடவுச்சீட்டோ கார்ச் சாவியோ, எதுவும் பிள்ளையார் காலடியில் வைத்தெடுத்த பிறகுதான் எங்களுடையது. ஆகவே ஆய்வேட்டின் மெய்க்காவலனாக நான் எழுந்தருளினேன்.

ஒன்பதரைக்குப் பிறகு வாங்கினால் நாள் டிக்கெட் மலிவு. கௌரியும் நானும் 9.41க்கு ஏறி ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறினோம். பட்னியில் ரயில் தேம்ஸைக் கடந்தபோது பனிமூட்டத்தில் ஆறும் இல்லை, கரையும் இல்லை. கடவுள் லண்டனை இன்னும் வரைந்து முடிக்கவில்லைப் போலும்.

“உம்மட புத்தகத்தில என்னதான் கிடக்கு?”

“உருவங்களைக் கிழிக்காமல் இழுத்து வளைக்கிறது, அத்தான். ஆனா அதுகளைச் சுழற்றுற வழிகளின்ர கூட்டத்தையும் மதிச்சு வளைக்கவேணும். அந்தக் கூட்டத்தைக் கணிதத்தில குலம் எண்டுவம். சதுரத்தை நாலு தரம் திருப்பினா பழையபடி வந்திடும். அது முடிவுள்ள குலம். வட்டத்தை எவ்வளவு சின்னனாயும் திருப்பலாம். அது லீ எண்ட கணிதரின்ர பேரில வாற கச்சிதமான லீ குலம். கடைசி அத்தியாயம் அதுக்கு. முடிவுள்ளதுக்குச் செய்த அதே நிறுவல்தான்.”

“முடிவில்லாததையும் பிடிச்சிட்டீர்! பிளேஸ்டோ முழுக்கப் பறையடிக்கிறன்.”

விம்பிள்டன் நிலையத்திலிருந்து கோயிலுக்குக் கால்மணி நேர நடை. ஐயர் ஆய்வேட்டைக் காலடியில் வைத்துப் பூப்போட்டுத் தந்தார். பிள்ளையாரைச் சுற்றி வந்தபோது இரண்டாம் சுற்றில் நான் மூச்சுவாங்கி நின்றேன். கற்பூரப் புகைக்குள் கௌரி என்னைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“அத்தான், மூலைக்கு மூலை நிண்டு கும்பிட்டா வெறும் நாலு புள்ளி. புள்ளிக்குத் திசை இல்லை. சுத்தி நடந்தா ஒவ்வொரு இடத்திலயும் போற திசை ஒண்டு இருக்கு. லீ குலத்தில அந்தத் திசையையும் கணக்கில சேர்க்கவேணும். நான் விட்டிட்டன். கடைசி அத்தியாயம் பிழை.”

செருப்புத் தட்டுக்கருகில் குந்தி, ஆய்வேட்டைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் சுருளிலிருந்து கடைசி அத்தியாயத் தாள்களைக் கழற்றத் தொடங்கினாள்.

“பிள்ளையார் ஆசீர்வதிச்சதைக் கழட்ட ஏலாது! ஒருத்தருக்கும் தெரியாது, அப்பிடியே குடும்!”

“எனக்குத் தெரியுமே.”

“தேறுறதுக்கு மிச்சம் காணுமோ?”

“தெரியாது, அத்தான்.”

முப்பத்தெட்டுப் பக்கங்கள். அவற்றை என் கோட்டுக்குள் வைத்து நடந்தபோது இமயமலையைச் சுமந்தவன் போல் உணர்ந்தேன். போட்டோகொப்பிக் கடையில் தலைப்பிலிருந்து லீயை நீக்கிப் புது முதற்பக்கம் அடித்து, 3.40க்கு மெலிந்த ஆய்வேட்டைக் கொடுத்தாள். திரும்பும் ரயிலில், பதினைந்து நாளாகத் தூங்காதவள், என் தோளில் சாய்ந்து உறங்கினாள். ஜன்னலுக்கு வெளியே நகரம் பனிக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் இறங்கவேண்டிய பிளேஸ்டோவில்கூட எழுப்ப மனமில்லாமல் அடுத்த நிலையம் வரை விட்டேன்.

மாசியில் தேறினாள். பரீட்சகர்களுக்கு முடிவுள்ளதே போதுமாம்.

போகிறவர்களுக்கு: கோயில் வாசல் வரை ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கையில் ஆய்வேடு இருந்தால், இறுக்கித் தைக்காமல் கழற்றக்கூடிய சுருளில் கட்டிக்கொண்டு போங்கள்.