லிஸ்டில் இல்லாத ஒன்பது பேர்

செலெக்‌ஷன் நடக்கும் என்று சொன்ன திருப்பதி மைதானத்துக்குக் காலை எட்டரைக்கெல்லாம் போய்விட்டோம். அங்கே கோடு கூடப் போட்டிருக்கவில்லை. சங்கச் செயலாளர் காருக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "லிஸ்ட் நின்னனே வெள்ளிப்போயிந்தி மேடம்" என்றார்.

மாநிலப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் நேற்றே போய்விட்டதாம். என் பின்னால் ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒன்பது பெண்கள் ஷூ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் சத்யவேடு பக்கம் அரசுப் பள்ளியில் பி.இ.டி.யாக, அதாவது விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்போது எங்கள் மாவட்ட ரக்பி சங்கத்தின் செலெக்‌ஷன் கமிட்டியிலும் இருந்தேன்.

1. லெட்டர்பேடும் பந்தும்

கிராமப்பக்கம் ரக்பி எப்படி நடக்கிறது என்று இளம் பி.இ.டி.க்கள் என்னைக் கேட்கிறார்கள். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கிளப், மண்டல், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக. பதினைந்து பேர் ஆட்டத்துக்கு எங்கள் ஊர்களில் ஆள் சேராது. அதனால் ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான்.

எங்கள் சங்கத்தில் தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் மூன்று பேர், லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தன. பந்து இரண்டு. அதில் ஒன்று செயலாளர் வீட்டு ஷோகேஸில் இருந்தது. மாநிலப் போட்டி சர்டிஃபிகேட் இருந்தால் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் கேட்கலாம். சங்கம் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம்.

2. தனலட்சுமியின் டீம்

இன்னொரு பந்து தனலட்சுமியிடம் இருந்தது. கூலி வேலைக் குடும்பம். கம்பெனியில் லைன் ஆபரேட்டர். பள்ளியில் கபடி ஆடியவள். நான் நடத்திய ஒரு வாரக் கேம்புக்கு வந்து ரக்பியைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு டீமை உருவாக்கியது முழுக்க அவள்தான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசிப் பேசி ஆள் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைப் பொட்டலில் ஆடுவார்கள். ஒருத்திக்கு ஷிஃப்ட் மாறினால் இவளே சூப்பர்வைசரிடம் போய் நின்று மாற்றி வாங்குவாள்.

அன்றைக்கும் ஒன்பது பேருக்கும் லீவு வாங்கித்தான் கூட்டி வந்திருந்தாள்.

3. பத்து நிமிஷம்

"யாரு செலெக்ட் பண்ணது சார்?" என்று தனலட்சுமி செயலாளரைக் கேட்டாள்.

"கமிட்டிம்மா. மேடம் சைன் கூட இருக்குது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து நாள் முன்பு, ஃபார்ம் டைப் அடிக்க நேரமாகும் என்று சொல்லி அவர் நீட்டிய வெற்றுத்தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது.

லிஸ்டில் இருந்த பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் டி-ஷர்ட் வாங்கப் பெற்றவர்களோடு வந்திருந்தார்கள்; எல்லாம் காலேஜ் சீட்டுக்காகப் பெயர் கொடுத்தவர்கள். தனலட்சுமி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவுங்கள எறக்கு சார். பத்து நிமிஷம் ஆடிப் பாக்கலாம். தோத்தா நாங்க பேசாம போய்க்கினே இருக்கோம்."

செயலாளர் சிரித்துக்கொண்டே சரி என்றார். நான் விசில் எடுத்தேன். எதிரணியில் முதல் பந்தைப் பிடித்த பெண் அதை முன்னால் வீசினாள். ரக்பியில் கையால் முன்னால் பாஸ் செய்யக் கூடாது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாது என்று தனலட்சுமி தன் ஆட்களிடம், "இடுப்பப் புடிச்சி மெதுவா ஒக்கார வைங்கடி" என்றாள். ஆறு தடவை எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டார்கள். எதிரணிப் பிள்ளைகள் பாவம், வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெற்றவர்கள் குனியவில்லை.

"பாக ஆடினாரு, நல்லா ஆடினீங்க" என்று செயலாளர் கைதட்டினார். லிஸ்ட் மாறவில்லை.

4. அதற்கப்புறம்

மறுநாளே மாநிலச் சங்கத்துக்கு எழுதினேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டது என் தப்பு, அந்தத் தேர்வு நடக்கவே இல்லை, என் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று. என்னைக் கமிட்டியிலிருந்து தூக்கினார்கள். மாநிலச் சங்கம் அந்த லிஸ்டை நிறுத்தியது. அந்த வருஷம் எங்களிடமிருந்து டீமே போகவில்லை.

அடுத்த வருஷம் செலெக்‌ஷனுக்கு வெளியிலிருந்து ஒரு அப்சர்வரை அனுப்பினார்கள். தனலட்சுமியின் டீமில் நான்கு பேர் தேர்வானார்கள். அதில் அவள் இல்லை. லீவு அதிகம் எடுத்தாள் என்று கம்பெனி கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. வேலை தேடி ஓசூர் போய்விட்டாள்.

போகும் முன் சத்யவேடு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அவன் திருடன்னு எங்களுக்கு மின்னாடியே தெரியும் டீச்சர். உன் கையெழுத்து இருக்கசொல்ல எங்களால இன்னா பண்ண முடியும்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கமிட்டிகளில் உட்காரப்போகும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். அவசரம் என்று சொல்லித் தாளை நீட்டுகிறவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் சொல்லவில்லை.