பந்தயத்தில் சைடு கொடுத்தவர்

வெண்ணந்தூருக்கு வெளியே இன்று காலை கிளப் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். பழங்காலக் கார்களை அப்படியே இடுப்பளவு உயரத்தில் செய்து, மொபெட் என்ஜின் வைத்து ஓட்டுகிறார்கள்.

கடைசிச் சுற்றில் முன்னால் வந்தவர் பழனிச்சாமி. ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். பின்னால் வந்த, இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த சேலை வியாபாரி குமரேசன், ரப்பர் ஹாரனை விடாமல் அமுக்கினார்.

பழனிச்சாமி இடப்பக்கம் ஒதுங்கி, வலது கையை நீட்டி, போகச் சொல்லிக் காட்டினார்.

குமரேசன் எல்லைக்கோட்டைத் தாண்டி வைக்கோல் கட்டுகளில் மோதித்தான் நின்றார். பிரேக் பிடிக்கவில்லையாம். வழி கிடைத்திருக்காவிட்டால் இரண்டு கார்களும் உருண்டிருக்கும்.

என் பக்கத்தில் நின்ற குமரேசனின் மனைவி ஓடினார். "ஏனுங்க, கைகாலு நல்லாருக்குதுங்களா?"

"ஒண்ணும் ஆகல. சட்டைக்குள்ளதான் பூராவும் வைக்கோலு."

பழனிச்சாமியும் காரை நிறுத்திவிட்டு வந்தார்.

"பிரேக் போனது தெரிந்தா வழிவிட்டீர்கள்?" என்று பழனிச்சாமியைக் கேட்டேன்.

"தெரியாதுங்க. ஹாரன் அடிச்சா சைடு குடுத்தே பழகிருச்சு. கோப்பைன்னு சொன்னா கை கேக்குமுங்களா?"

விதிப்படி முதலில் வந்தவர் குமரேசன். நிற்க முடியாததால் ஜெயித்தவருக்குக் கோப்பை தரலாமா என்று கிளப்பில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?