கிருஷ்ணகுமாரியின் மூக்கு பெரட்டுக்கு வந்த கதை

தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் கிருஷ்ணகுமாரி. தாய்மார் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை இவரிடம் விட்டுப் போவார்கள். இவருக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளையைக் கொஞ்சும் அதே மூச்சில் தாயைத் திட்டுவார். ஆனாலும் இவர் இடுப்பில் ஏறிய பிள்ளை இறங்க மாட்டேன் என்றுதான் அழும்.

2006இன் தொடக்கத்தில் இவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கருவாடு பொரித்தாலும் தெரியவில்லை, சோறு அடிப்பிடித்தாலும் தெரியவில்லை. இவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பால் புளித்ததா என்று மோந்து பார்க்க முடியாத ஆளைப் பிள்ளைக்காம்பராவில் யார் வைத்திருப்பார்கள்? தாய்மார் கொண்டுவரும் ஒவ்வொரு பால் போத்தலிலும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துச் சமாளித்தார். பால் வெட்டும் தாய்மாரில் ஒருத்தியான மருதாயியின் போத்தலை மட்டும் பார்ப்பதில்லை. மருதாயி அவ்வளவு சுத்தக்காரி.

வெசாக் பண்டிகை வந்தது. மருதாயியின் மூத்த மகள் பள்ளிக்கூடத்துக்குக் காகிதத்தில் வெசாக் விளக்குக் கூடு செய்தாள். றப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு கடையில் பசை வாங்க யாருக்குப் பைத்தியம்? வெட்டிய றப்பர் பாலில் கொஞ்சம், உறையாமல் இருக்க அமோனியா கலந்து, சிறிய கால் போத்தலில் வீட்டுக்கு வந்தது. மருதாயியின் கைக்குழந்தை விதுர்ஷனின் பாலும் அதே மாதிரிக் கால் போத்தலில்தான் போகும். விடியற்காலை அவசரத்தில் மருதாயி மாற்றி எடுத்தது கூடு ஒட்டுகிற போத்தலை.

மூக்குள்ள யாரும் மூடியைத் திறந்ததுமே அமோனியா நெடியில் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். கிருஷ்ணகுமாரி சாவகாசமாகக் கோப்பையில் ஊற்றி, கரண்டியில் எடுத்துக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனார். விதுர்ஷன் தலையை வெட்டித் திருப்பினான்.

"என்னடா தொரை, இன்னிக்கு ஒனக்குப் பால் புடிக்கலையா?"

மறுபடியும் கொண்டுபோனார். பிள்ளை தும்மி, வீறிட்டு அழுதான். இவருக்கும் கண் எரிந்தது. புகையாக்கும் என்று அடுப்பைப் பார்த்தார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். அது றப்பராக உருண்டது.

பிள்ளையின் வாயைத் துடைத்து, விரலை விட்டுப் பார்த்தார். ஒரு துளியும் உள்ளே போகவில்லை. அதன்பிறகு மருதாயி வரும்வரை பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

மருதாயி பால் வெட்டும் மலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். "எனக்கு மணமே தெரியாது மருதாயி. மாசக்கணக்காச்சு. மறைச்சிட்டேன்."

மருதாயி சண்டை போடவில்லை. போத்தலை மாற்றியது தன் கைதானே. "ஒங்க மூக்கையும் நம்ப முடியல, என் கையையும் நம்ப முடியலக்கா," என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் முதல் அவள் வேலைக்கு வரவில்லை, பிள்ளையோடு வீட்டிலேயே இருந்துகொண்டாள். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம் என்றிருந்தது கிருஷ்ணகுமாரிக்கு.

மற்றத் தாய்மாரிடமும் கிருஷ்ணகுமாரி மறைக்கவில்லை. ஒவ்வொருவரும் வாசலிலேயே போத்தலைத் திறந்து மோந்து, ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் பிள்ளையை விட வேண்டும் என்று சட்டம் போட்டார். இவர் திட்டுக்குப் பயந்து எல்லோரும் குடித்தார்கள்.

பிறகு பஸ் ஏறிக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் ஜாபிர் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். காய்ச்சலில் மணம் பிடிக்கும் செல்கள் கெட்டுப்போயிருக்கலாம், புதியவை முளைக்கும் என்றார். கண் எரிந்தது வேறு நரம்பின் வேலை, அது நன்றாக இருக்கிறதாம்.

"புது செல் வந்தா மட்டும் போதாது. மணத்தைப் பிடிக்கிற புரதம் செல்லுக்கு உள்ளேதான் உருவாகும். அது செல்லோட மேற்பரப்புக்கு வந்து நிக்கணும். உள்ளேயே கிடந்தா மணம் அதுல படாது. தனியா வரவும் அதுக்குக் கஷ்டம். கூட்டிட்டு வர வேற புரதங்கள் இருக்குன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

கிருஷ்ணகுமாரி யோசித்தார். "அப்ப ஆளு பேரு செக்ரோல் பதிவுல இருக்கு, லயத்து வீட்டவிட்டு, காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துக்கு வரலன்னு சொல்லுங்க. இழுத்துட்டு வர ஒரு கங்காணி வேணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். மருந்து கிடையாது. பொறுத்திருங்க. அநேகம் பேருக்குத் திரும்பி வரும்."

வரும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மழைக்காலத்தைக் கடத்தினார். காலையில் எழுந்ததும் கறிவேப்பிலையைக் கசக்கி மூக்கில் வைத்து, "வந்தியா, இல்லையா?" என்று அதட்டுவார். பதில் வராது. சில நாள் உட்கார்ந்து அழுதும் இருக்கிறார்.

ஒரு முற்பகல், ஒரு பிள்ளையின் துணியை மாற்றக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். சந்தேகமே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து லயத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அந்தத் துணியோடு ஓட்டமும் நடையுமாக மருதாயியின் வாசலுக்குப் போனார்.

"நாறுது மருதாயி! நல்லா நாறுது!"

மருதாயி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, தூரப் போடுங்க அத!" என்றவள், இவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

மறுநாள் காலை மருதாயி பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, விதுர்ஷனைத் தூக்கிக் கிருஷ்ணகுமாரியின் கையில் கொடுத்தாள். பிறகு பால் வாளியை எடுத்துக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் மலையேறினாள்.