நார்மலுக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

'நார்மல்' என்ற சொல்லைப் போல என்னைச் சோர்ந்துபோக வைத்த சொல் வேறில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் அளவு தப்பியவை தடித்த எழுத்தில் இருக்கும். என் கணவர் தூத்துக்குடி துறைமுகத்தில் எடைமேடை அலுவலகத்தில் இருக்கிறவர். தாளை வாங்கியதும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு வரிகளை மட்டும் தேடுவார். கல்லீரல் கெட்டிருக்கிறது என்று டாக்டர் முதன்முதலில் விரல் வைத்துக் காட்டியது அந்த இரண்டைத்தான். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது இருநூறைத் தொட்டிருந்தது.

அன்றோடு குடியை விட்டார். பொய் சொல்லக்கூடாது, சொட்டுகூடத் தொடவில்லை. ஆனால் டாக்டரையும் சேர்த்தே விட்டுவிட்டார்.

"அங்க போனா ஸ்கேன் எழுதுவாரு. லேப்ல ரத்தம் குடுத்தாப் போதாதா?"

ஒவ்வொரு தடவையும் எண் இறங்கியது. கடைசித் தாளில் இரண்டும் நாற்பதுக்குள் வந்துவிட்டன.

"பாத்தியாளா, நார்மல்."

கீழே ஆல்புமின் என்ற வரி தடித்திருந்தது. அதைக் காட்டினேன்.

"அது முட்டை சமாச்சாரம். தெனம் ரெண்டு அவிச்சுப் போடு, சரியாயிரும்."

பகலெல்லாம் பள்ளிக்கூடம், வந்தால் விடைத்தாள் கட்டு. இந்த மனிதரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. முட்டை அவித்தேன். செருப்பு வார் அவர் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கத்தானே செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் தாளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார். சாத்தான்குளத்திலிருந்து அவர் தங்கை கூப்பிட்டாள். "மைனி, அண்ணனுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருங்க." போட்டோம். ஞாயிறு ஆராதனையில், பூரண சுகம் கிடைத்ததற்காக என்று போதகர் வாசித்தார். சபையே திரும்பிப் பார்க்க, இவர் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே வயிறு உப்பி, சட்டைப் பொத்தான் சேரவில்லை. அப்புறம்தான் என்னோடு டாக்டரிடம் வந்தார். டாக்டர் ஸ்கேனும் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் பழைய தாள்களையும் சேர்த்து வரிசையாகப் பரப்பிப் பார்த்தார்.

"எண் எறங்கியிருக்கே சார்?" என்றார் இவர்.

"எறங்குனா பெரும்பாலும் நல்லதுதான். செல் அடிபடும்போது இது ரத்தத்துல கசியும். ஆனா ஒங்களுக்குக் கல்லீரல் சுருங்கி தழும்பாப் போச்சு. கசியுறதுக்கே செல் கம்மி. நான் பாக்குறது கல்லீரல் செய்யுற ஆல்புமினும் ரத்தம் உறையுற டெஸ்டும். ரெண்டும் சரியில்ல."

ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். "சுகமாயிட்டாகளாமே, சந்தோசம்." தலையாட்டிக்கொண்டே நின்றேன். எத்தனை பேருக்கு விளக்குவது?

மறுநாள் திரும்பவும் லேப். சட்டைக்கையைச் சுருட்டி நீட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏளா, இந்தத் தடவ கூடியிருந்தா நல்லதா, கொறஞ்சிருந்தா நல்லதா?"

கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். இப்போதெல்லாம் அவருக்கு ரத்தம் சீக்கிரம் நிற்பதில்லை. கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.