நூற்றுக்கு நூறு வாங்கிய பெட்ரோல்

எங்கள் கார் விக்கியது. அதற்கு வேறு வார்த்தை கிடையாது. கிட்வாய் நகரிலிருந்து கிளம்பி மேம்பாலம் ஏறினால், பாதி ஏற்றத்தில், பந்தியில் அவசரமாக விழுங்கியவர் மாதிரி ஒரு விக்கல். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான். தில்லியில் விக்கினாலும் அடிப்பான், விக்காவிட்டாலும் அடிப்பான். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ள வைத்தவள் மகள். அவளுக்குத் தில்லிக்கு வெளியே மானேசர் என்ற ஊரில் வேலை கிடைத்திருந்தது. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய வேலை. டிரைவிங் லைசென்ஸ் இல்லாமல் சேர முடியாது. லைசென்ஸ் பரீட்சைக்கு எங்கள் காரில்தான் போகவேண்டும். அந்தப் பரீட்சை மைதானத்தில் ஒரு மேடு உண்டு. மேட்டில் வண்டி அணைந்து பின்னால் உருண்டால், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு இரக்கம் கிடையாது.

ஆபீசில் என் அடுத்த மேஜைக்காரர் திருநெல்வேலி. முதுகுவலியிலிருந்து பென்ஷன் வரை எல்லாவற்றுக்கும் மருந்து சொல்கிறவர். அவரிடம் விக்கலைச் சொன்னேன்.

"என்ன பெட்ரோல்வே போடுதீரு?"

"பெட்ரோல் பங்க்ல குடுக்கிறதத்தான்."

"வெளங்கிரும். எத்தன ஆக்டேன் நம்பருன்னு கேக்கேன். சாதாரணம் தொண்ணூத்தொண்ணு. அதுக்கு மேல தொண்ணூத்தஞ்சு. நூறும் இருக்கு, தனிக் குழாய்ல வரும். மட்டமானதப் போட்டா இஞ்சின் விக்காம என்னவே செய்யும், பாடவா செய்யும்?"

கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கிக்கொண்டு போனால் "மிச்சம் ஒன்பது எங்கடா?" என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். என் மகளையும் அப்படித்தான் கேட்டு வளர்த்தேன். இவ்வளவு வருஷமாக என் காருக்குள் ஒரு சுமாரான மாணவனைக் குடிவைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலமே நேராகப் போய் நூறு ஆக்டேன், டாங்க் நிறைய. பங்க் பையன் என் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இன்னொரு தடவை காரைப் பார்த்தான். "ஸார், இதுக்கா?" என்றான். "இதுக்குத்தான், பையா" என்றேன். சென்டம் வாங்கிய பிள்ளையின் அப்பா குரலில்.

விலையைப் பார்த்தபிறகு ஒரு சின்ன மனமாற்றம் ஏற்பட்டது. இவ்வளவு உசந்த சரக்கை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கவா எரிப்பது? பரீட்சைக்கென்று வைத்துக்கொள்வோம். மழைக்காலம் முழுக்கக் கார் உறை போர்த்திக்கொண்டு தூங்கியது. ஓட்டிப் பழக வேண்டும் என்று மகள் கேட்டாள்.

"நூறுல பழகுவாங்களா யாராவது? டிரைவிங் ஸ்கூல் கார்ல பழகு. அது தொண்ணூத்தொண்ணு."

"அப்பா, நீங்க சீரியஸா பேசறீங்களா, மஸாக் பண்றீங்களா? எனக்கு டிஃபரென்ஸே தெரியல."

பரீட்சை நாளும் வந்தது. மேட்டில் ஏறும்போது கார் விக்கியது. பழைய விக்கல் இல்லை; மாதக்கணக்கில் சேர்த்துவைத்து, வட்டியோடு விக்கியது. அணைந்தது, உருண்டது. திரையில் அவள் தோற்றதாக வந்தது. வெளியே நின்றுகொண்டிருந்த நான், ஒரு தகப்பன் அந்த நேரத்தில் சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னேன்: "கிளட்சை மெதுவா விட்டிருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் போனைத் திறந்தாள். மறு பரீட்சைக்கு நாள் வாங்கினாள், சனிக்கிழமை. லேர்னர் லைசென்ஸ் அதற்கு அடுத்த வாரம் காலாவதி. சனிக்கிழமையை விட்டால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். மானேசர்க்காரர்கள் அதுவரை காத்திருக்கமாட்டார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்குக் கார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்தக் கார் கேக்கறதே தொண்ணூத்தொண்ணுதான். பெட்ரோல் மூடியோட உள்பக்கத்துலயே எழுதியிருக்கு. நூறுன்னா ஸ்ட்ராங்னு அர்த்தம் இல்ல. உள்ள பெட்ரோலைப் போட்டு அழுத்தும்போது, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடி அது தானாவே பத்திக்காம எவ்வளவு தூரம் தாங்குதுங்கறதுதான் அந்த நம்பர். ரொம்ப அழுத்தற பெரிய இஞ்சினுக்குக் கம்மி நம்பர் போட்டா தட்டும், விக்கும். நம்மளது அவ்வளவா அழுத்தறதே இல்ல."

"அப்படின்னா நம்பர்ங்கிறது பலம் இல்ல, பொறுமை" என்றாள் மனைவி, என்னைப் பார்த்தபடி ரசம் ஊற்றி. "எனக்கு இருக்கறது மாதிரி."

"முதல்ல விக்கினது ஸ்பார்க் பிளக் பழசானதால. இப்ப விக்கறது, பெட்ரோல் ஊசிப்போனதால. பெட்ரோல் ஊசும்ப்பா. நாலு மாசம் வெச்சிருந்தா அதுவும் கெட்டுத்தான் போகும்."

சாம்பார் ஊசும், மாவு புளிக்கும் என்பது தெரியும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஊசும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். செய்வதைத் திருந்தச் செய்வது என் வழக்கம். அதில்தான் எப்போதும் மாட்டிக்கொள்வேன். மெக்கானிக்கிடம் பிளக்குகளை மாற்றச் சொன்னேன். "டாங்கில இருக்கிற கெட்டதை ஒரு சொட்டு விடாம எடுத்துடுங்க" என்றும் சொன்னேன். எடுத்துவிட்டார். ஒரு சொட்டு விடவில்லை. பங்க் எதிரிலேயே இருந்தது. மகள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நானும் மெக்கானிக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.

"ஸார், பொல்யூஷன்?" என்றான் பங்க் பையன். புகைச் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்வார்கள். அது இல்லாத வண்டிக்கு இப்போது தில்லியில் பெட்ரோல் கிடையாது. எங்களுடையது, முதல் பரீட்சைக்கு மறுநாள் காலாவதியாகிவிட்டிருந்தது. அது இல்லாமல் பரீட்சைக்கும் விடமாட்டார்கள்.

அதே பங்கின் மூலையில் புகைச் சோதனை அறை. அங்கே தள்ளினோம். உள்ளே இருந்தவர் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "இஞ்சினை ஓடவிடுங்க" என்றார்.

"பெட்ரோல் இல்லையே."

"போட்டுக்கிட்டு வாங்க."

"சர்டிபிகேட் இல்லாம தரமாட்டேங்கறாங்க."

"கரெக்ட். அதுதான் ரூல்" என்றார், மிகுந்த திருப்தியோடு.

அவர்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. மத்திய அரசில் நான் பார்க்கிற உத்தியோகமே அதுதான். 'அ' இருந்தால்தான் 'ஆ', 'ஆ' கொண்டுவந்தால்தான் 'அ' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறேன். வட்டத்துக்குள்ளே இருந்து பார்த்தால் அது இத்தனை உருண்டையாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பங்க் பையனுக்கும் அவருக்கும் நடுவில் நின்று கையாட்டி வாதாடினேன். இந்தியில் வாதாடினேன், ஆங்கிலத்தில் வாதாடினேன், பதவியைச் சொல்லியும் பார்த்தேன். பங்க் பையன் என் பின்னால் நின்றிருந்த மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டான்.

மகள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ், இனிமே நீங்க ஹெல்ப் பண்ணாதீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்புறம் அம்மாவுக்குப் போன் செய்தாள். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஸ்கூட்டரில் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். சிரிக்கவில்லை, சிரிப்பை வீட்டுக்கு என்று எடுத்துவைத்துக்கொண்டாள் என்று பின்னால் தெரிந்தது.

"என் வண்டிக்கு பொல்யூஷன் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பங்க் பையன் முன்னால் நிறுத்தி, ஸ்கூட்டர் டாங்கை நிரப்பினாள். சாலையைக் கடந்து மெக்கானிக் கடைக்குப் போனாள். பின்னாலேயே நாங்கள் காரைத் தள்ளினோம். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ரப்பர் குழாயில் மாற்றவேண்டும். மெக்கானிக் கைப்பம்பைத் தேடுவதற்குள், "இது எனக்குத் தெரியும்" என்று குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். தெரியாது என்பது வாய் நிறைந்த பிறகு தெரிந்தது. அங்கிருந்த ஆட்டோக்காரர்கள் எல்லாரும் துப்புகிறவனைப் பார்க்க வந்து நின்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"தொண்ணூத்தொண்ணு" என்றேன்.

கார் சாவியின் ஒரே திருகில் கிளம்பியது. விக்கல் இல்லை. திரும்பவும் பங்குக்கு ஓட்டிப் போனோம். புகைச் சோதனைக்காரர் குழாயைச் சொருகினார், நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார், மெஷினைப் பார்த்தார், காகிதத்தை நீட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார்.

சனிக்கிழமை நான் வேலிக்கு வெளியே நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று மனைவியின் உத்தரவு. கார் மேட்டில் ஏறியது. பாதியில் நின்றது, நிற்கத்தான் வேண்டும், பரீட்சையே அதுதான். பிறகு ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல், எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவள் மாதிரி நிதானமாக ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

திரும்பும்போது மகள்தான் ஓட்டினாள். அம்மா முன் சீட்டில், நான் பின்னால்.

"அப்பா, அங்க பிரேக் கிடையாது. காலை அழுத்தாதீங்க."

"அழுத்தல."

"தரை பள்ளமாயிடும்ப்பா." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். முதல் பரீட்சைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். "மண்டே ஜாயினிங். கார் எனக்கு வேணும். டெய்லி."

"அப்போ நான் ஆபீசுக்கு?"

"நான் கொண்டு விடறேன், ஸ்கூட்டர்ல" என்றாள் மனைவி. "ஆனா ஒண்ணு. பின்னால உக்காந்துக்கிட்டு எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்கக் கூடாது."