நாலாம் வார்த்தை என் பங்கு

பெரிய வெள்ளிக்கிழமை மதிய ஆராதனையில் ஏழு பேர் பேசுவது எங்கள் சபை வழக்கம். சிலுவையில் தொங்கியபோது இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆளுக்கு ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவக்காலம் தொடங்கும்போதே போதகர் பங்கு பிரித்துவிடுவார். மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தைக்கும் கள்ளனுக்குப் பரதீசு கிடைத்த இரண்டாவதுக்கும் அடிதடி. தாயைச் சீடனிடம் ஒப்படைக்கும் மூன்றாவதைப் பெண்கள் ஐக்கிய சங்கம் விட்டுத்தராது. நாலாவதுதான் சீந்துவாரில்லாமல் கிடக்கும். பிதா தம்மைக் கைவிட்டுவிட்டாரே என்று மகன் கதறுகிற வார்த்தை அது.

இந்த வருடம் அதற்கு நான் கை தூக்கினேன். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் காலமெல்லாம் விளக்கம் எழுதியே பழகிய கை, சும்மா இருக்காது. போதகர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணாச்சிக்குத்தான் அந்தத் தைரியம் உண்டு" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் என் மனைவி ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, மார்பில் ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுகிறது என்றாள். பூனாவில், வானவடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மராத்தி டாக்டர் இருந்தார். பார்த்தார், அழுத்தினார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஊசியால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும் என்றார். அன்றைக்குப் பெரிய வெள்ளி, விடுமுறையாயிற்றே என்று கேட்டேன். விடுமுறையானாலும் தானே போன் செய்வதாகச் சொன்னார். டாக்டர் தானே போன் செய்வது நல்லதற்கா கெட்டதற்கா என்று வீட்டுக்கு வரும் வரை ஸ்கூட்டரில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்று, பின்னாலிருந்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அந்தப் பங்க வேற ஆளுக்குக் குடுத்திரட்டா?" என்று அவளிடம் கேட்டேன்.

"வேண்டாம். ஏன் குடுத்தியன்னு கேப்பாவ. பெறவு சபை முழுக்க நம்ம வீட்டு வாசல்ல வந்து ஜெபம் பண்ணும். எனக்கு இப்ப அது தாங்காது" என்றாள். இத்தனை வருடம் பூனாவில் இருந்தும் அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துப் பேச்சு மாறவில்லை.

ஆகவே உட்கார்ந்து எழுதினேன். விளக்கம் ஒன்றும் புதிதில்லை. உலகத்தின் பாவமெல்லாம் மகன்மேல் விழுந்ததால் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கைவிடப்பட்டதால் நாம் ஒருபோதும் கைவிடப்படுவதில்லை. சிறு வயதிலிருந்து கேட்டதுதான், நம்பியதும்தான். ஆனால் எழுதும்போது சமையலறையில் பாத்திரம் விழுந்தாலும் திடுக்கிட்டேன். அவள் கையை மார்புப் பக்கம் கொண்டுபோனால் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். பயம் என்றால் சாதாரண பயமில்லை, சோறு இறங்காத பயம். அவளோ ஈஸ்டருக்குத் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிதானத்தைப் பார்க்க எனக்குக் கோபம்கூட வந்தது.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கல் கோவில்தான் எங்களுக்கு. அன்றைக்கு மட்டும் கூட்டம் கொள்ளாது. வெளியே ஷாமியானா போட்டு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் வைத்துக்கொண்டு பாடினார்கள். அவள் வெள்ளைச் சேலையில் பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

என் முறை வந்தது. பிரசங்க பீடத்தில் ஏறி நின்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. சிலுவை என்பது நமக்குப் பதிலாக ஒருவர் நின்ற இடம் என்றேன். ஆமென் என்றார்கள். "ஆகவே பிரியமானவர்களே, நாம் ஒருபோதும்" என்று ஆரம்பித்தேன். அவள் போனைக் காதில் வைத்தபடி எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போவது தெரிந்தது.

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. மிச்ச வார்த்தைகள் என் முன்னாலேயே காகிதத்தில் இருந்தன. வாயில்தான் வரவில்லை. சபை நிமிர்ந்து பார்த்தது. நான் மனம் உருகி நிற்பதாகச் சிலர் நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "மன்னிக்கணும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் போதகர் சுதாரித்து அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்குவது கேட்டது.

அவள் பக்கவாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். போன் பேசி முடித்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்லதில்லையாம். சீக்கிரமா ஆப்பரேஷன் செஞ்சிரணும்னு சொல்லுதாரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே முடிக்காமல் விட்ட வாக்கியத்தை இங்கே சொல்லலாமா என்று பார்த்தேன். அது அவளுக்கு உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கே உதவவில்லை.

"நீங்க எதுக்குப் பாதியில வந்திய?" என்றாள்.

"நீ எந்திரிச்சுப் போனதப் பாத்தேன்."

"சபை என்ன நெனைக்கும்?"

"நெனைச்சிட்டுப் போவுது."

பாட்டு முடிந்து ஒலிபெருக்கியில் அடுத்தவர் ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் வார்த்தை, தாகம். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் பேசினார். இது தண்ணீருக்கான தாகமல்ல, ஆத்துமாக்களுக்கான தாகம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போன வருடம் அந்தப் பங்கு என்னுடையது. நானும் அதையேதான் சொன்னேன். பாராட்டுக்கூட வாங்கினேன்.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி வேணும். தொண்டை ஒட்டிப்போச்சு" என்றாள்.

ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் உபவாசம் இருந்து, ஆராதனை முடிந்து கஞ்சி குடிக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். காய்ச்சலில் கிடந்த வருடம்கூடத் தொட்டதில்லை. நான் கோவிலுக்குப் பின்னால் ஓடினேன். கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன் இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

வாங்கும்போது டம்ளர் சரிந்து, பாதி சேலையில் கொட்டியது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவள் குடித்தாள். ஒலிபெருக்கி இன்னும் அது வெறும் உடம்பின் தாகமல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தது. வெறும் உடம்பு. அந்த உடம்புக்குத்தான் நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். சிலுவையில் இருந்தவருக்கும் அப்போது தொண்டைதான் காய்ந்தது. புளித்த காடியைப் பஞ்சில் தோய்த்து நீட்டினார்களே தவிர, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருமில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.